கேட்டுக்கொண்டிருந்தார்

பிப்ரவரி 4, செவ்வாய்

முதல் நோட்டு நேற்றோடு தீர்ந்தது. ஜெனிட்டாவின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறையக் காலி. இனி இதில்தான்.

ஃபீடு கொடுத்த நேரம், புரட்டிப் படுக்க வைத்த நேரம், காய்ச்சல், பல்ஸ். இவ்வளவுதான் ஆஸ்பத்திரி சிஸ்டர் எழுதச் சொன்னது. மற்றதெல்லாம் நானாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடுகிறது.

காலை 6: கஞ்சி 200 மில்லி, வயிற்றுக் குழாய் வழியாக. 7: வாய் துடைத்தேன். வேர்வை. பல்ஸ் 104. 8: இடப்பக்கம் புரட்டியது. 10: பால். 12: வலப்பக்கம். முதுகில் புண் இல்லை.

அவர் விழுந்து இன்றோடு பதின்மூன்று மாதம், பதின்மூன்று நாள். ஆனந்தவிளையில் ஆசீர் மைக் செட் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறியவர், கால் வழுக்கி, பின்மண்டை தரையில் அடிபட விழுந்தார். மூன்று வாரம் மயக்கம். பிறகு கண் திறந்தது. திறந்ததோடு சரி. காலையில் திறக்கும், இருட்டினால் மூடும். கை கால் அசையாது. கூப்பிட்டால் திரும்பாது. "கண்ணுதான் முழிச்சிருக்கு, மூளை முழிக்கல" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது நாற்பத்து நாலு.

ஜெனிட்டா மட்டும் அப்பாவிடம் பேசிக்கொண்டே இருப்பாள். பத்தாம் வகுப்பு. ஹாலில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிப்பு. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் காதோரம் குனிந்து, "அப்பா, பரீட்சைக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள்" என்றாள். நான் தடுப்பதில்லை. அவளுக்கு ஆறுதல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயில் முடிந்து தனசிங் அத்தான் வந்தார்கள். இவருடைய அண்ணன். முறுக்கு வாங்கி வந்திருந்தார்கள். ஜெனிட்டா டியூஷனுக்குப் போயிருந்தாள். டீ போட்டேன். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 27 என்று முடிவாயிற்று. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. இதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

மாலை ஃபீடு அரை மணி நேரம் தாமதம்.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லாம் வழக்கம்போல். பல்ஸ் 112. காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. விரிப்பு மாற்றி, துடைத்து, மறுபடியும் மாற்றி, இடுப்பு விட்டுப்போயிற்று. துவைத்த விரிப்பு காயவில்லை. நான்காவது தடவை ஆனபோது வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இருபது வருஷத்தில் ஒருநாளும் அவரை அப்படிப் பேசினதில்லை. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. அவர் மட்டும்தான்.

மார்ச் 5, புதன்

வயிற்றுக் குழாய் மாற்ற மதுரை ஆஸ்பத்திரி. அத்தான்தான் ஆம்புலன்ஸ் பிடித்துக் கூடவே வந்தார்கள்.

குழாய் மாற்றி முடிந்ததும் டாக்டர் வஹிதா என்று ஒரு அம்மா வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஆராய்ச்சி டாக்டர். இவரைப் போலக் கண் திறந்து அசையாமல் கிடப்பவர்களின் மூளையைச் சோதிக்கிறார்களாம். தலையில் கம்பிவைத்த தொப்பி ஒன்றை மாட்டுவார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை, இரண்டு நாள் இருந்தால் போதும்.

"இனி எதுக்கு வீணா" என்று அத்தான் என் காதில் சொன்னார்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா ஒருவர்தான் இவரிடம் நேராகக் குனிந்து, "ஆசீர் சார், உங்களுக்குச் சம்மதமா தெரியல, ஆனா கேக்கறேன்" என்று கேட்டார்கள். அதனால்தான்.

மார்ச் 6, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் தொப்பி மாட்டினார்கள். தலை முழுவதும் பசை. காதில் ஹெட்போன். டாக்டர் வஹிதாவின் குரலைப் பதிவு பண்ணி அதில் போட்டார்கள். "வலது கையைத் திறந்து திறந்து மூடற மாதிரி நினைங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்துங்க, சும்மா இருங்க." மறுபடியும், "நினைங்க." மறுபடியும், "நிறுத்துங்க." அரை மணி நேரம் இதேதான். அவர் எப்போதும்போல ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கை விரல் ஒன்றுகூட அசையவில்லை. நான் ஜன்னலோரம் நின்று ஜெனிட்டா மதியச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரும் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியும் ஏதோ மெல்லப் பேசினார்கள். டாக்டர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "உட்காருங்கம்மா" என்றார்கள்.

"இல்ல, நிக்கேன்."

"உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் நாம பேசறதைக் கேக்கறார்."

எனக்குப் புரியவில்லை.

"கேக்கறது மட்டும் இல்லம்மா. அவருக்குப் புரியுது. கையை மூடறதா நினைங்கன்னா நினைக்கிறார். நிறுத்துங்கன்னா நிறுத்தறார். உங்களுக்கோ எனக்கோ இந்தத் தொப்பியை மாட்டினா மூளையில எந்த இடம் எப்படி வேலை செய்யுமோ அப்படியே செய்யுது. உடம்புக்குப் போற வழிதான் அறுந்திருக்கு. உள்ளே ஆள் இருக்கார்."

அத்தான் சுவரில் கைவைத்துக்கொண்டார்கள். "மெஷின் தப்பா காட்டியிருக்கும்" என்றார்கள்.

"அதனாலதான் நாளைக்கும் பண்ணப் போறோம். ஆனா சார், இது புதுசு இல்ல. வெளிநாடுகள்ல இப்படி அசையாம கிடக்கறவங்களைச் சோதிச்சுப் பாத்தப்ப, நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட இப்படி இருந்திருக்கு. இத்தனை நாள் நமக்குக் கேக்கத் தெரியல, அவ்வளவுதான்."

"எப்பத்திலேருந்து?" என்று கேட்டேன். "எப்பத்திலேருந்து கேக்குதாவ?"

"அது சொல்ல முடியாதும்மா. பல மாசமா இருக்கலாம்."

எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் சந்தோஷத்தில் அழுதிருப்பாள். டாக்டரும் அதைத்தான் எதிர்பார்த்து என் தோளில் கைவைத்தார்கள். நான் அழவில்லை. வராந்தாவுக்குப் போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 9 அன்று எழுதாததை இப்போது எழுதுகிறேன். அவருடைய தலைமாட்டில் நாற்காலி போட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டே அத்தான் சொன்னது: "பாப்பா பரீட்சை முடியட்டும் எப்சி. ஈஸ்டரும் கழியட்டும். இருபத்தேழாம் தேதி, ஞாயித்துக்கிழமை, குழாய்ல குடுக்கதை நிறுத்திருவோம். கொஞ்ச நாள்ல அமைதியா போயிரும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் சொன்னது: "சரி அத்தான்."

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் சோதித்தார்கள். அதே முடிவு. அத்தான் திரையைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்கள்.

மருந்து ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் உட்காரவைக்க வேண்டும், கை கால் பயிற்சி கொடுக்க ஆள் வைக்க வேண்டும், நிறையப் பேச வேண்டும். "என்ன நடக்குதுன்னு அவருக்குச் சொல்லிக்கிட்டே இருங்கம்மா. ஒண்ணும் தெரியாம கிடக்கறதுதான் இவங்களுக்குப் பெரிய பயம்."

தலையாட்டினேன்.

மார்ச் 8, சனி

வீடு வந்து சேர்ந்தோம். ஜெனிட்டாவிடம் வாசலிலேயே சொன்னேன். பையைப் போட்டுவிட்டு ஓடி அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள். "நான் சொன்னேன்லாம்மா! நான் சொன்னேன்லா!" அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்பா, பரீட்சைக்கு இன்னும் இருபதே நாள்" என்றாள்.

எனக்கு இந்த ஹாலில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கட்டிலைத் தாண்டிப் போகும்போது குனிந்து போகிறேன். கண் என்னைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்க்கிறது. ஆனாலும். போனில் பேச வேண்டியதை அடுக்களையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அத்தான் வந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

"அன்னைக்கு அவன் கேட்டிருப்பானா?"

"தெரியல அத்தான். அதெல்லாம் இனி கிடையாதுன்னு அவர்ட்ட சொல்லிரலாமா?"

"வேண்டாம். ஒருவேளை அந்த நேரம் தூங்கியிருந்தான்னா? நாமளே போய்ச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். மருந்து குடுக்கோம், ஆள் வச்சுப் பயிற்சி குடுக்கோம். அவனுக்கே புரிஞ்சிரும்."

சரியாகத்தான் பட்டது. சரி என்றேன்.

மார்ச் 24, திங்கள்

மாரிச்செல்வம் என்ற தம்பி பயிற்சி கொடுக்க வருகிறார். இவரை இரண்டு பேராகத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தோம். பதினைந்து மாதத்துக்குப் பிறகு அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் பால் காய்ச்சப் போய்விட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஜெனிட்டாவுக்குத் தமிழ்ப் பரீட்சை. அப்பாவின் கையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 12, சனி

இடது கட்டைவிரல் அசைந்தது.

நான் பார்க்கவில்லை. மாரிச்செல்வம் பார்த்தார். "அக்கா, இங்க வாங்க, ஓடியாங்க!" ஓடினேன். "அண்ணே, இன்னொரு தடவை." ஒன்றுமில்லை. நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் அந்த விரல், காற்றில் இலை திரும்புவது போல, ஒரு நெல்மணி அளவு உள்ளே மடங்கியது.

மாரிச்செல்வமே டாக்டர் வஹிதாவுக்குப் போன் பண்ணினார். அந்தப் பக்கம் டாக்டர் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. ஜெனிட்டா கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "முடிஞ்சிட்டுப்பா! எல்லாம் முடிஞ்சிட்டு!"

மாலை பல்ஸ் 118.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். கோயிலுக்குப் போகவில்லை. பல்ஸ் 116.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை 6: பல்ஸ் 126. கஞ்சி 200.

ஊசிக்குழாயைக் குழாயில் பொருத்தும்போது கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது. கஞ்சி இறங்க ஆரம்பித்ததும் நின்றது.

10: பால். பல்ஸ் 130. மறுபடியும் விரல் துடிப்பு. 12: காய்கறி மசித்தது. 128. நெற்றியெல்லாம் வேர்வை. காய்ச்சல் இல்லை. ஜெனிட்டா பயந்து மாரிச்செல்வத்துக்குப் போன் பண்ணினாள். அவருக்கும் காரணம் தெரியவில்லை.

4: கஞ்சி. 131. 8: பால். 124.

ஒரு வேளையும் தவறவில்லை. எல்லாம் நேரத்துக்குக் கொடுத்தேன்.

காரணம் தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் பல்ஸ் 82. நேற்று ராத்திரியிலிருந்து இன்று மதியம்வரை தூங்கினார். இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மே 3, சனி

இப்போது விரல் சொன்ன பேச்சு கேட்கிறது. நம் விரலை அவர் கட்டைவிரலுக்குள் வைத்துக்கொண்டால், ஒரு அழுத்து ஆமாம், இரண்டு அழுத்து இல்லை. மாரிச்செல்வம்தான் பழக்கினார்.

"அப்பா, நான் ஜெனிட்டாதானே?" ஆமாம். "ஃபேன் கூட வேணுமா?" இல்லை. "அம்மா நல்லாச் சமைப்பாளா?" இல்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"எங்கயாவது வலிக்குதாப்பா?"

ஆமாம்.

சிரிப்பு நின்றது. காலா? இல்லை. முதுகா? இல்லை. வயிறா? தலையா? கழுத்தா? இல்லை, இல்லை, இல்லை. பத்து நிமிஷத்தில் விரல் ஓய்ந்துவிட்டது. அதற்கு மேல் அழுத்தச் சக்தி இல்லை.

"எழுத்து அட்டை ஒண்ணு இருந்தா அவரே சொல்லிருவாரு அக்கா" என்றார் மாரிச்செல்வம். "க வரிசையா, ச வரிசையான்னு வாசிச்சுக்கிட்டே போனா, வேண்டிய இடத்துல அழுத்துவாரு. கடையில பெரிய சார்ட் பேப்பர் வாங்கி வைங்க."

சரி என்றேன்.

மே 6, செவ்வாய்

கடைக்குப் போனேன். சோப்பு, ரவை, டெட்டால். சார்ட் பேப்பர் மறந்துவிட்டது.

மே 8, வியாழன்

மாரிச்செல்வத்தை இன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தலைவலி.

மே 9, வெள்ளி

சார்ட் பேப்பர் இன்றும் மறந்துவிட்டது. ஜெனிட்டா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மே 11, ஞாயிறு

நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் ஜெனிட்டா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எல்லா எழுத்தும் எழுதி முடித்திருந்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இப்போது என் பெயரைத்தான் எழுதப் போகிறார், இல்லை, அத்தான் பெயரை, இல்லை, அந்தத் தேதியை.

"க வரிசையா? ச? ட? த? ப?"

அழுத்தினார்.

"ப. பா. பி..." அழுத்தவில்லை. "வெறும் ப வா?" ஆமாம்.

அடுத்தது ல வரிசையில் நின்றது. புள்ளி வைத்த எழுத்தா என்றாள். ஆமாம்.

"பல்... பல்லியா?" நிமிர்ந்து சுவரெல்லாம் பார்த்தாள். "பல்லி உங்க மேல விழுந்துட்டாப்பா?"

இல்லை. அழுத்தின அழுத்தில் கோபம் தெரிந்தது.

"பல்லு?"

ஆமாம்.

டார்ச் எடுத்து வந்து வாயைத் திறந்தோம். நான் தினமும் துணி சுற்றித் துடைக்கிற வாய்தான். முன்பல்லைத் துடைப்பேன், நாக்கைத் துடைப்பேன். உள்ளே, கடைசியில், வலது கடைவாயில், ஈறு கறுத்து வீங்கி, ஓரத்தில் சீழ். ஜெனிட்டா டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள்.

மே 13, செவ்வாய்

பல் டாக்டர் வீட்டுக்கே வந்தார். அந்த ஒரு பல்லை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேர்வரை சொத்தை.

"எத்தனை நாளா இருக்கும் சார்?"

"நாளா? ஏழெட்டு மாசமாவது இருக்கும்மா. நமக்கு வந்தா ஒரு ராத்திரி தாங்க மாட்டோம்."

முதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பரிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு என் கையெழுத்து: வாய் துடைத்தேன், வேர்வை. வாய் துடைத்தேன், வேர்வை. பக்கம் பக்கமாக. என் விரல் போய் அந்தப் பல்லில் இடித்த நேரங்கள் அத்தனையும். அவரால் "ஆ" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நான் நேரம் குறித்து எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டை மூடிவிட்டுச் சோறு வடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். ஜெனிட்டா 461. அப்பாவிடம் சொன்னபோது ஒரு தடவை அழுத்திவிட்டு விடவே இல்லை, அவள் விரலைப் பிடித்தபடியே வைத்திருந்தார்.

மே 17, சனி

ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன்.

காரணம் ஒன்றும் இல்லை. புழக்கடையில் துணி பிழிந்துகொண்டிருந்தோம். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறுமுனையை நான். சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லியது. பெரியப்பா பேசியது, நான் சரி என்றது, எல்லாம்.

முறுக்கிய விரிப்பை விடாமல் நின்றாள். "எந்தத் தேதி?"

"ஏப்ரல் இருபத்தேழு."

"என் பரீட்சை முடியட்டும்னா?"

"ஆமா."

"எங்க வச்சுப் பேசினீங்க?"

"ஹால்ல. அப்பா பக்கத்துல."

அவள் முகம் மாறியது. முதலில் எனக்கு ஏன் என்று புரியவில்லை.

"அம்மா, நான் தினமும் அவர் காதுல நாள் எண்ணிச் சொன்னேனேம்மா. இன்னும் நாப்பது நாள், இன்னும் முப்பது நாள்னு. முடிஞ்சிட்டுப்பான்னு வந்து கத்தினேனே."

விரிப்பு என் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. சத்தியமாக அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"மதுரையிலேருந்து வந்தப்பறமாவது, அதெல்லாம் இனி இல்லன்னு அவர்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

தூங்கியிருந்திருப்பார் என்று நினைத்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் அப்படி நினைக்கவே இல்லை. அவர் கேட்டார் என்று மார்ச் ஆறாம் தேதியே எனக்குத் தெரியும். சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் சொல்லவில்லை. ஒரு வாக்கியம். "பயப்படாதீங்க, அது இல்லன்னு ஆயிட்டு." அந்த ஒரு வாக்கியத்தை ஐம்பது நாள் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏப்ரல் 27 அன்று ஒவ்வொரு வேளையும் நான் வருவேனா மாட்டேனா என்று அவர் காத்துக் கிடந்தார். எனக்குக் காரணம் தெரியும். தெரியவில்லை என்று எழுதினேன்.

ஜெனிட்டா விரிப்பை எடுத்து மறுபடியும் அலசினாள். ராத்திரி சாப்பிடவில்லை.

மே 18, ஞாயிறு

காலையில் அத்தானுக்குப் போன் பண்ணி வரச்சொன்னேன். வழக்கம்போலக் கேட்டில் நின்றார்கள்.

"உள்ள வாங்க அத்தான். இனி வாசல்ல வச்சுப் பேசக் கூடாது."

"எதுக்கு எப்சி, இப்பப் போய்?"

"வாங்க."

அவரை உட்காரவைத்திருந்தோம். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சுண்டுவிரலை அவர் கட்டைவிரலுக்குள் வைத்தேன். இத்தனை நாளில் நானாக வைத்தது இதுதான் முதல் தடவை.

"இங்கேருங்க. பிப்ரவரி மாசம் அத்தானும் நானும் இங்க உட்கார்ந்து பேசினதைக் கேட்டீங்களா?"

ஒரு அழுத்து.

"ஏப்ரல் இருபத்தேழு. அன்னைக்கு முழுக்கக் காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

ஒரு அழுத்து. நீளமாக.

"மதுரையில சொன்ன அன்னைக்கே அது வேண்டாம்னு ஆயிட்டு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. பயந்துக்கிட்டுச் சொல்லல. என்னை மன்னிச்சிருங்க."

விரல் அசையவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. நான் விரலை எடுக்கவில்லை, அவரும் அசைக்கவில்லை. அவர் கண் என்னைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. முதல் தடவையாக நானும் பார்த்தேன்.

ஜெனிட்டா அட்டையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏதாவது சொல்லணுமாப்பா?"

ஆமாம்.

ச வரிசையில் நிறுத்தினார். சொ. அடுத்து ல், அடுத்து லி. நடுவில் ஓய்வு கொடுத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் ஆயிற்று.

"சொல்லி..." ஜெனிட்டா அத்தானைப் பார்த்தாள். "சொல்லிக் குடுத்தது யாருன்னு கேக்கீங்களாப்பா?"

அத்தானுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "நான்தாம்ல சொன்னேன். அவ இல்ல. நான்தான். உன்னைய இந்தக் கோலத்துல பாக்க முடியல, அதான்ல..." அறுபதை நெருங்குகிற மனிதர். தம்பியின் பாதத்தில் முகத்தை வைத்து அப்படி அழுதார்கள்.

இரண்டு அழுத்து. இல்லை. அவர் கேட்டது அது இல்லை.

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தாள். யி. ரு. க். க. லா. விரல் இரண்டு தடவை தளர்ந்து போயிற்று. நிறுத்திக்கொள்ளலாமா என்றதற்கு இல்லை என்றார். கடைசி எழுத்து ம்.

சொல்லியிருக்கலாம்.

சத்தமாக வாசித்துவிட்டு ஜெனிட்டா அட்டையைக் கீழே வைத்தாள். நாங்கள் முடிவு பண்ணியதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் திட்டியதைக் கேட்கவில்லை. பல்லைக் கேட்கவில்லை. அந்த ஐம்பது நாளைத்தான் கேட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் மறுபடியும் கேட்கவும் இல்லை.

"சொல்லுதேன்" என்றேன். "இப்பச் சொல்லட்டுமா? நீங்க விழுந்த நாள்லேருந்து?"

ஒரு அழுத்து.

ஆரம்பித்தேன். தொட்டியடியிலிருந்து அவரைத் தூக்கியது யார் யார். அந்த வருஷம் பவனி மைக் இல்லாமல் நடந்தது. மூன்று வாரமும் ஐ.சி.யூ. வாசலில் நான் எங்கே படுத்துக்கிடந்தேன். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் விற்றது, யாருக்கு, ஏன். அதைச் சொல்லும்போது நிறுத்தி அவரைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மேலே சொன்னேன். எதையும் விடவில்லை. எனக்குக் கேவலமானதையும் சொன்னேன், அவருக்குக் கேவலமானதையும் சொன்னேன். நடுவில் ஃபீடு கொடுத்தேன், புரட்டினேன், மறுபடியும் உட்கார்ந்து சொன்னேன். அத்தான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மாலையில் தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஆறு மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. போன வருஷம் ஏப்ரலைக்கூட இன்னும் தாண்டவில்லை. ஜெனிட்டா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

"இன்னைக்கு நிறுத்திக்கிடட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

இரண்டு தடவை அழுத்தினார்.